பீரங்கிகள் கடற்கரைக்கு நகர்ந்த வாரம்: 1944 ஜூலையில் பிரிட்டிஷ் விமான எதிர்ப்புப் படை

1944 ஜூலை நடுவில், ஒரு வாரத்துக்குள், லண்டனுக்குத் தெற்கே வடக்கு டவுன்ஸ் குன்றுகளில் நிலைகொண்டிருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பெயர்த்தெடுக்கப்பட்டு ஆங்கிலக் கால்வாயின் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வி-1 எனப்பட்ட ஆளில்லாப் பறக்கும் குண்டுகளிடமிருந்து லண்டனைக் காக்க எடுத்த நடவடிக்கை இது. இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதில் பயன்பட்ட ரேடார், முன்கணிப்புக் கருவி, அருகாமை ஃபியூஸ் (இலக்கை நெருங்கியதும் குண்டை வெடிக்கச் செய்யும் பொறி) ஆகிய மூன்று புதிய கருவிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். அக்கருவிகளின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை எந்த இடத்தில் நின்றன, யாருடைய கட்டளைக்கு உட்பட்டன, எந்த எல்லைக்குள் சுட உரிமை பெற்றன என்ற அமைப்புக் கேள்விகள் தீர்க்கப்படாதிருந்தால் அவற்றால் பெரிய பயன் விளைந்திருக்காது என்பதே இந்த ஆய்வின் முடிவு. அந்த அமைப்பையும் கருவிகளையும், அப்படையினர் தமது அடையாளமாகக் கொண்ட கொடி, சின்னங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஜூலை மாதத்து இடமாற்றம் எத்தனை பெரிய காரியம் என்பது விளங்கும்.

படையின் அமைப்பு

பிரிட்டனின் விமான எதிர்ப்புக் கட்டளையகம் 1939 ஏப்ரலில் உருவானது. அதன் முதல் தலைவர் ஆலன் புரூக். அதே ஆண்டு ஜூலையில் ஜெனரல் பிரெடரிக் பைல் பொறுப்பேற்று, ஐரோப்பியப் போர் முடியும் தறுவாய் வரை அதே பதவியில் இருந்தார். போர் முழுவதும் ஒரே கட்டளைப் பொறுப்பில் நீடித்த பிரிட்டிஷ் ஜெனரல் அவர் ஒருவரே. கட்டளையகம் தரைப்படையைச் சேர்ந்தது. அதன் வீரர்கள் ராயல் ஆர்ட்டிலரியின் பீரங்கிப்படையினர். ஆயினும் வான் பாதுகாப்பில் எப்போது, எங்கே சுடுவது என்ற செயல்முறைக் கட்டுப்பாடு விமானப்படையின் போர்விமானக் கட்டளையகத்திடம் இருந்தது. இரண்டின் தலைமையகங்களும் லண்டனுக்கு வடமேற்கே ஸ்டான்மோரில் அருகருகே அமைந்திருந்ததால், இரு தலைவர்களும் நேரில் பேசித் தீர்க்க முடிந்தவை பல. தரைப்படைப் பீரங்கி, விமானப்படைக் கட்டுப்பாடு என்ற இந்த இரட்டை நிலையை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம். பின்னால் வரும் சிக்கலும் அதன் தீர்வும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

போரின் தொடக்க ஆண்டுகளில் கட்டளையகத்தின் கீழ் கோர்களும் டிவிஷன்களும் இருந்தன. 1942 அக்டோபரில் அவ்விரு அடுக்குகளையும் நீக்கிவிட்டு, குரூப் என்ற ஒரே அடுக்கை ஏற்படுத்தினார்கள். அதற்குக் கீழே பிரிகேட், அதற்கும் கீழே ரெஜிமென்ட், ரெஜிமென்ட்டுக்குள் பேட்டரிகள். கனரக ரெஜிமென்ட் ஒன்றில் பொதுவாக 3 பேட்டரிகள், பேட்டரிக்கு 8 பீரங்கிகள், அவை 4 பீரங்கிகள் கொண்ட இரு டுரூப்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சுடும் அலகு உண்மையில் இந்த நான்கு பீரங்கிகள்தாம். நான்குக்கும் ஒரே ரேடார், இலக்கு வந்து சேரப்போகும் இடத்தைக் கணக்கிடும் ஒரே கணிப்புக் கருவி, ஒரே கட்டளை நிலையம். இலகுரக ரெஜிமென்ட்களிடம் 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கிகள் இருந்தன.

அமெரிக்கத் தரைப்படையின் ஏற்பாடு வேறு. அங்கே விமான எதிர்ப்புப் பிரிவுகள் கடலோரப் பீரங்கிப்படையின் கிளையாக வளர்ந்தவை. பழைய பெரிய ரெஜிமென்ட்கள் 1943-44இல் கலைக்கப்பட்டுத் தனித்தனிப் பட்டாலியன்களாயின. தேவைக்கேற்ப அவற்றைக் குரூப், பிரிகேட் என்ற தலைமைகளின் கீழ்ச் சேர்க்கவும் பிரிக்கவும் முடிந்தது. 90 மி.மீ. பீரங்கிப் பட்டாலியன் ஒன்றில் 4 பேட்டரிகள், பேட்டரிக்கு 4 பீரங்கிகள், ஆக 16. தானியங்கி ஆயுதப் பட்டாலியனில் 32 போஃபர்ஸ்களும், நான்கு குழல் கொண்ட அரை அங்குல எந்திரத் துப்பாக்கித் தொகுதிகள் 32உம் இருந்தன. 1944 கோடையில் இங்கிலாந்தில் இருந்த இத்தகைய அமெரிக்கப் பட்டாலியன்கள் சில பைலின் கடற்கரை வரிசையில் இடம்பெற்றன.

பிரிட்டிஷ் படையில் அமெரிக்கர்கள் கண்டு வியந்த ஒரு பிரிவும் இருந்தது. ஆள்பற்றாக்குறை முற்றியபோது பைல் 1941இல் பெண்களைப் பீரங்கி நிலைகளுக்குக் கொண்டுவந்தார். தரைப்படையின் துணைப் பெண்கள் சேவையைச் சேர்ந்த அவர்கள், கலப்புப் பேட்டரிகளில் உயரமானி, ரேடார், கணிப்புக் கருவி, தொலைபேசி ஆகியவற்றை இயக்கினார்கள். பீரங்கியைச் சுடும் வேலை மட்டும் விதிப்படி ஆண்களுக்கு உரியதாக இருந்தது. பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரி சர்ச்சிலும் இத்தகைய பேட்டரியில் பணியாற்றியவர். கணிப்புக் கருவியின் கைப்பிடியைச் சீராகச் சுழற்றிக்கொண்டே இலக்கைத் தவறவிடாமல் பின்தொடர்வது பொறுமையும் நுணுக்கமும் வேண்டிய வேலை. அதைப் பெண்கள் சிறப்பாகச் செய்தார்கள் என்று பைல் மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார். 1944 ஜூலையில் கடற்கரைக்குப் புறப்பட்டவர்களில் அவர்களும் உண்டு என்பதை ஒரு ஓரக்குறிப்பாக எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது.

ஜூன் மாதத்துக் குழப்பம்

முதல் வி-1 குண்டுகள் 1944 ஜூன் 13 அதிகாலையில் வந்தன. அவற்றுள் ஒன்று கிழக்கு லண்டனில் குரோவ் ரோட்டில் விழுந்து 6 பேரைக் கொன்றது. ஜூன் 15 இரவு முதல் தாக்குதல் முழுவேகம் எடுத்தது. ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும், 850 கிலோ எடையுள்ள வெடிமுனையும், முதுகில் துடிப்பு ஜெட் எஞ்சினும் கொண்ட அந்தக் குண்டை பிரான்சின் பா-த-கலே பகுதியிலிருந்து ஏவியது, கர்னல் மாக்ஸ் வாக்டெல் தலைமையிலான ஃபிளாக் ரெஜிமென்ட் 155 (டபிள்யூ). 'ஃபிளாக்' என்றால் விமான எதிர்ப்புப் பீரங்கி; பெயரளவில் அதுவும் ஒரு விமான எதிர்ப்பு ரெஜிமென்ட்தான். ஜெர்மனியில் அந்தப் பீரங்கிகளின் பெரும்பகுதி விமானப்படையான லுஃப்ட்வாஃபேயிடம் இருந்தது. குண்டுக்கே 'விமான எதிர்ப்புப் பயிற்சி இலக்கு' என்ற பொருள்படும் மறைபெயரைச் சூட்டியிருந்தார்கள். ஆக, கால்வாயின் இரு கரைகளிலும் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள்.

பாதுகாப்புக்கான முதல் திட்டம் மூன்று வரிசைகளைக் கொண்டது. கடலின் மீதும் கரையோரத்திலும் போர்விமானங்கள். அவற்றுக்குப் பின்னால் வடக்கு டவுன்ஸ் குன்றுகளில் பீரங்கி வரிசை. கடைசியாக லண்டனின் தென்கிழக்கு வாசலில் கம்பிவடம் தொங்கும் பலூன்கள். ஜூன் முடிவதற்குள் 370க்கும் மேற்பட்ட கனரகப் பீரங்கிகள் குன்றுகளில் நின்றன. தாளில் இது ஒழுங்காகத் தெரிந்தது. வானில் நடந்தது வேறு. மணிக்கு 350 முதல் 400 மைல் வேகத்தில் ஓடும் குண்டைத் துரத்திவரும் விமானி, கடைசிச் சில வினாடிகளில் பீரங்கி வரிசைக்குள் நுழைந்துவிடுவார். பீரங்கிகள் சுட்டால் நம் விமானமே விழும். சுடாவிட்டால் குண்டு தப்பும். நல்ல வானிலையில் விமானங்களுக்கு முன்னுரிமை, மோசமான வானிலையில் பீரங்கிகளுக்கு முன்னுரிமை என்று விதி செய்து பார்த்தார்கள். கென்ட் மாவட்டத்தின் வானிலை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மாறிவிடக்கூடியது என்பதால் அந்த விதி நடைமுறையில் நிற்கவில்லை. இரு தரப்பிலும் மனக்கசப்பு வளர்ந்தது.

பீரங்கிகளின் சொந்தக் குறைகளும் இருந்தன. வி-1 பெரும்பாலும் 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் வந்தது. போஃபர்ஸ்களுக்கு அது சற்று மிகையான உயரம். கனரகப் பீரங்கிகளுக்கோ மிகவும் தாழ்வு. அவ்வளவு அருகில், அவ்வளவு வேகத்தில் கடந்துபோகும் இலக்கைக் குழலைத் திருப்பித் தொடர்வது, கையால் சுழற்றப்படும் நடமாடும் 3.7 அங்குலப் பீரங்கிகளால் இயலவில்லை. மின்விசையால் திரும்பும் நிலைப் பீரங்கிகளால் அது இயலும். ஆனால் அவை கான்கிரீட் மேடையில் பொருத்தப்பட்டவை. நாடெங்கும் நகரங்களைச் சுற்றி அவை நின்றன. எளிதில் நகர்த்தக்கூடியவை அல்ல.

ஜூலை 13

விமானங்கள், பீரங்கிகள் இரண்டின் செயல்முறைக் கட்டுப்பாட்டுப் பொறுப்பிலும் இருந்தவர் விமானப்படையின் ஏர் மார்ஷல் ரோடரிக் ஹில். தாமே போர்விமானத்தில் ஏறிப் பறக்கும் குண்டுகளைத் துரத்திப் பார்த்தவர் அவர். ஆகவே விமானிகளின் கஷ்டம் அவருக்குக் கேள்வியறிவு அல்ல. ஜூலை 10ஆம் நாள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: 17ஆம் தேதி முதல் பீரங்கி வரிசைக்குள் எந்தப் போர்விமானமும் நுழையக்கூடாது. இந்தத் தடையின் காரணத்தை விமானப் பிரிவுகளுக்கு விளக்கி ஒரு குறிப்பு எழுதும் பொறுப்பு அவருடைய துணை அதிகாரி ஏர் கமடோர் ஆம்ப்ளரிடம் வந்தது. எழுத உட்கார்ந்தபோது ஆம்ப்ளருக்கு ஒன்று புலப்பட்டது. வரிசைக்குள் விமானங்களே இல்லையென்றால், அந்த வரிசை ஏன் விமானங்களின் வேட்டைக்களத்தை நடுவில் வெட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? அதைக் கடற்கரைக்கே கொண்டுபோய்விட்டால், முன்னால் கடலின் மீதும் பின்னால் நிலத்தின் மீதும் இரண்டு தெளிவான களங்கள் விமானங்களுக்குக் கிடைக்கும். பீரங்கிகளுக்கோ தடையில்லாத வானம் கிடைக்கும்.

ஜூலை 13 அன்று ஹில் கூட்டிய ஆலோசனையில் பைலும் இருந்தார். பைலின் எண்ணமும் ஏற்கெனவே இதே திசையில் சென்றுகொண்டிருந்தது. தொடக்கத்தில் பீரங்கிகளைக் கரையில் வைக்காமல் உள்நாட்டுக் குன்றுகளின் மடிப்புகளில் வைத்ததற்கு வலுவான காரணம் ஒன்று இருந்தது: எதிர்க்கரையிலிருந்து ஜெர்மானியர் ரேடாரைக் குழப்பிவிடுவார்கள் என்ற அச்சம். நார்மண்டித் தரையிறக்கத்தை ஒட்டி அந்த நிலையங்கள் குண்டுவீச்சில் நொறுக்கப்பட்டுவிட்டதால் அச்சமும் பெருமளவு அகன்றிருந்தது. கடலை நோக்கி நிற்கும் ரேடாருக்கு மலை, மரம், வீடுகளின் எதிரொலித் தொல்லை இல்லை. சுடப்பட்டு விழும் குண்டுகளில் பல ஊர்களின் மீது விழாமல் கடலில் விழும். எதிர்ப்பில்லாத வாதங்கள் இவை. ஆனால் வாரம் முழுதும் குண்டுகள் வந்துகொண்டிருக்கும்போது நூற்றுக்கணக்கான பீரங்கிகளைக் களத்திலிருந்து எடுப்பதென்பது துணிச்சலுக்குரியது. விமான அமைச்சகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஹில் தம் சொந்தப் பொறுப்பில் அன்று மாலையே உத்தரவிட்டார். முன்னதாகக் கேட்டிருக்க வேண்டும் என்று அமைச்சகம் பின்னர் அவரைக் கண்டித்தது. கேட்டுக்கொண்டு காத்திருந்தால் நாள்கள் போயிருக்கும். அவர் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

புதிய வரிசை டோவருக்கு அருகே செயின்ட் மார்கரெட்ஸ் பே முதல் சஸ்ஸெக்ஸில் கக்மியர் ஹேவன் வரை நீண்டது. கடலுக்குள் 10,000 கஜம், நிலத்துக்குள் 5,000 கஜம் அதன் எல்லை. அதற்குள் 8,000 அடிக்குக் கீழே எந்த விமானமும் வரக்கூடாது. ஜூலை 17 விடியலில் கனரகப் பீரங்கிகள் புதிய இடத்திலிருந்து சுடத் தயாராயின. இரண்டு நாள் கழித்து இலகுரகப் பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 23,000 பேர் இடம் மாறினார்கள். மூவாயிரம் மைல் தொலைபேசி வடம் புதிதாக இழுக்கப்பட்டது. கூடாரங்கள், சமையல் அடுப்புகள், மின்னாக்கிகள், பல்லாயிரம் டன் குண்டுகள் எல்லாம் கென்ட், சஸ்ஸெக்ஸின் குறுகிய கிராமச் சாலைகளில் இரவும் பகலுமாக லாரிகளில் சென்றன.

நிலைப் பீரங்கிகளைக் கொண்டுவரும் சிக்கலுக்குக் கட்டளையகத்தின் பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. கான்கிரீட் காய்வதற்குக் காத்திருக்க நேரமில்லை. ரயில் தண்டவாளங்களையும் மரக் கட்டைகளையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பிணைத்து, இடைவெளிகளில் கல்லும் மண்ணும் நிரப்பி, அதன் மேல் பீரங்கியைப் பூட்டினார்கள். 'பைல் மெத்தை' என்ற பெயர் அதற்கு வந்தது. மின்விசையால் திரும்பும், தானே ஃபியூஸ் அமைத்துக் குண்டை ஏற்றிக்கொள்ளும் பீரங்கிகள் நாடெங்கிலுமிருந்து கரைக்கு வர இந்த மரமேடைதான் வழிவிட்டது. புகழ்பெற்ற ரேடாருக்கு இணையாக இதையும் மதிக்கவேண்டும்.

கருவிகள்

நான்கு பீரங்கிகளுக்கு நடுவே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எஸ்சிஆர்-584 என்ற ரேடார், பார்வைக்கு ஒரு மூடிய டிரெய்லர் வண்டி. கூரைமேல் ஒரு வட்டத் தட்டு. பிரிட்டனில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் 1940இல் உருவாக்கிய, குறுகிய ரேடியோ அலைகளை வலுவாக எழுப்பும் மேக்னட்ரான் குழல், அதே ஆண்டு பிரிட்டனின் அறிவியல் ரகசியங்களைப் பகிரச் சென்ற டிசார்ட் தூதுக்குழுவுடன் அமெரிக்கா சென்று, எம்ஐடி பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் இந்த ரேடாராக வளர்ந்து திரும்பிவந்தது. பத்து சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கிய அது, ஒருமுறை இலக்கைப் பற்றிக்கொண்டால் மனிதக் கை இல்லாமலேயே அதைத் தொடர்ந்து திரும்பியது. திசை, ஏற்றக்கோணம், தொலைவு ஆகிய மூன்றும் இடைவிடாமல் வடம் வழியே பெல் ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்ட மின்னணு முன்கணிப்புக் கருவிக்குச் சென்றன. அமெரிக்கர் அதை எம்-9 என்றார்கள். பிரிட்டிஷ் படையில் 10ஆம் எண் பிரெடிக்டர்.

முன்கணிப்பு ஏன் வேண்டும்? பீரங்கிக் குண்டு இலக்கை எட்ட 8 வினாடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 350 மைல் வேகத்தில் வரும் வி-1 அதற்குள் ஒன்றேகால் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். இலக்கு இருக்கும் இடத்தை நோக்கிச் சுடுவதில் பொருளில்லை. அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கிச் சுடவேண்டும். பழைய எந்திரக் கணிப்பானும் இதைத்தான் செய்தது. புதியது மின்னழுத்தங்களைக் கூட்டியும் பெருக்கியும் கணநேரத்தில் விடை கண்டு, அதைப் பீரங்கியின் மின்விசைக்கே நேராக அனுப்பியது. வி-1 நேர்கோட்டில், மாறா உயரத்தில், மாறா வேகத்தில் பறந்தது இக்கணக்குக்குப் பெரிய அனுகூலம்.

கடைசிச் சிக்கல் வெடிக்கும் நேரம். பழைய முறையில் சுடுவதற்கு முன்பே ஃபியூஸில் நேரம் குறிக்கவேண்டும். வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு பத்தில் ஒரு வினாடி தவறினால் 60 மீட்டர் முன்னோ பின்னோ வெடிக்கும், இலக்கு தப்பிவிடும். அருகாமை ஃபியூஸ் இந்த நேரக்கணக்கையே தேவையற்றதாக்கியது. குண்டின் மூக்கில் ஒரு குட்டி வானொலி. சுடும்போது ஏற்படும், புவியீர்ப்பைப்போல் பல்லாயிரம் மடங்கு அதிர்ச்சியில் உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி உடைந்து, அதன் அமிலம் குண்டின் சுழற்சியால் பரவி மின்கலத்தை உயிர்ப்பிக்கும். அது அனுப்பும் அலை இலக்கில் பட்டுத் திரும்பிவருவது வலுவடைந்ததும் குண்டு தானே வெடிக்கும். கருத்து முதலில் பிரிட்டனில் பிறந்தது. மெர்ல் டூவ் தலைமையிலான அமெரிக்கக் குழு அதைப் பெருமளவில் உற்பத்தி செய்யக்கூடியதாக்கியது. வெடிக்காத குண்டு எதிரியின் கையில் சிக்கினால் ரகசியம் வெளியாகிவிடும் என்பதால் நிலத்தின் மீது இதைப் பயன்படுத்த நெடுநாள் தயங்கினார்கள். கடலை நோக்கிச் சுடும் வரிசையில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. இடமாற்றத்துக்கும் கருவிக்கும் உள்ள உறவு இந்த இடத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது: கரையில் நின்றதால்தான் அந்த ஃபியூஸ் முழு அளவில் பயன்பட்டது.

கொடியும் சின்னமும்

காலாட்படை ரெஜிமென்ட்களுக்குப் பட்டுக்கொடி உண்டு. போர் வெற்றிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்படும். ராயல் ஆர்ட்டிலரிக்கு அப்படிப்பட்ட கொடி கிடையாது. அதன் பீரங்கிகளே அதன் கொடி. கொடிக்குக் காட்டும் மரியாதை பீரங்கிக்குக் காட்டப்படும், பீரங்கியை எதிரியிடம் இழப்பது கொடியை இழப்பதற்குச் சமமான அவமானம். போர் வெற்றிகளின் பட்டியலும் அதற்கில்லை. 'எங்கும்' என்ற பொருள் தரும் 'யுபிக்வே' என்ற ஒற்றை இலத்தீன் சொல் அதற்குப் பதிலாக நிற்கிறது. களத்தில் ஒரு பிரிவை அடையாளம் காட்டியவை சின்னங்கள். வண்டிகளில் சிவப்பும் நீலமும் கொண்ட சதுரம் பீரங்கிப்படையைக் குறித்தது. விமான எதிர்ப்புக் கட்டளையகத்தின் தோள் சின்னம், சிவப்புப் பின்னணியில் வானை நோக்கி அம்பு பூட்டிய கருப்பு வில். கலப்புப் பேட்டரிப் பெண்கள் தமது சேவையின் தொப்பிச் சின்னத்தோடு, இடது மார்புப் பைக்கு மேலே பீரங்கிப்படையின் கையெறிகுண்டுச் சின்னத்தையும் அணிந்தார்கள். விதி அவர்களைச் சுட விடாவிட்டாலும், அந்தச் சிறு பித்தளைச் சின்னம் அவர்களைப் பீரங்கிப்படையினராக ஏற்றுக்கொண்டது.

பக்கத்து நிலைகளில் இருந்த அமெரிக்கர்களின் மரபு இதற்கு மாறானது. அவர்களுடைய பேட்டரி ஒவ்வொன்றுக்கும் கைடன் என்ற இருமுனைச் சிறுகொடி இருந்தது. பீரங்கிப்படைக்குரிய செந்நிறத் துணியில், குறுக்கே வைத்த இரு பழங்காலப் பீரங்கிகளும் அவற்றின் நடுவே ஒரு குண்டும் மஞ்சள் நிறத்தில். பட்டாலியனின் எண்ணும் பேட்டரியின் எழுத்தும் அதிலேயே இருந்தன. நடுவிலுள்ள அந்தக் குண்டு கடலோரப் பீரங்கிப்படையின் அடையாளம். கப்பல்களைச் சுடப் பிறந்த படையின் கொடியின் கீழ் நின்று அவர்கள் வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1950இல் கலைக்கப்படும்வரை இந்த அடையாளம் தொடர்ந்தது.

விளைவும் அதன் எல்லையும்

முதல் வாரத்துக் கணக்கு ஹில்லுக்குக் கவலை தந்திருக்கும். பீரங்கிகள் முன்பைவிட நன்றாகச் சுட்டன. ஆனால் விமானங்களின் களம் இரண்டாகப் பிளவுபட்டதில் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது, மொத்தத்தில் லண்டனை எட்டிய குண்டுகளின் விகிதம் மோசமாகவே இருந்தது. பீரங்கிகள் தமது எல்லைக்குள் வந்தவற்றில் வீழ்த்தியது அந்த வாரத்தில் கால் பங்கைத் தாண்டவில்லை. பிறகு வாரத்துக்கு வாரம் அது ஏறியது. புதிய ரேடார்களும் பிரெடிக்டர்களும் வந்துகொண்டிருந்தன. கரையிலேயே பயிற்சி நடந்தது. அமெரிக்கத் தொழில்நுட்பர்கள் பேட்டரி பேட்டரியாகச் சென்று கற்றுக்கொடுத்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குண்டுகள் பீரங்கி எல்லைக்குள்ளேயே வீழ்ந்தன. ஆகஸ்ட் 28 அன்று நூறுக்குச் சற்றுக் குறைவாக வந்தவற்றில் லண்டனை எட்டியவை 4 மட்டுமே. வி-1 தாக்குதல் முழுவதிலும் பீரங்கிகளும் போர்விமானங்களும் தனித்தனியே 1,800க்கு மேற்பட்டவற்றை வீழ்த்தின; பலூன்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை. ஆயினும் வி-1 தாக்குதலில் இறந்தோர் 6,000 பேருக்கு மேல்.

செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் ஏவுதளங்களைக் கைப்பற்றியபோது, ஜெர்மானியர் ஹெயின்கல் விமானங்களிலிருந்து வட கடலின் மீது குண்டுகளை ஏவுவதையே நம்பினார்கள். பீரங்கிகள் மறுபடியும் நகர்ந்தன. இம்முறை எஸ்ஸெக்ஸ், சஃபோக் கரைகளுக்கு, பின்னர் கிரேட் யார்மவுத் வரை. குளிர்காலம் நெருங்கியது, கூடாரங்கள் நிற்கவில்லை, சேற்றில் பீரங்கிகள் புதைந்தன. கோடையில் கற்ற இடம்பெயரும் பழக்கம் அங்கே கைகொடுத்தது.

செப்டம்பர் 8 மாலை லண்டனின் சிஸ்விக்கில் முதல் வி-2 ராக்கெட் விழுந்தது. ஒலியைவிடப் பல மடங்கு வேகமாக மேலிருந்து இறங்கும் அதற்கு எந்தப் பீரங்கி வரிசையாலும் பதில் சொல்ல இயலவில்லை. ஆனாலும் பைல் விடவில்லை. ரேடார் தரும் எச்சரிக்கையைக் கொண்டு ராக்கெட் இறங்கக்கூடிய வான்பகுதியைக் கணித்து, அங்கே குண்டுச் சிதறல்களின் திரை ஒன்றை எழுப்பலாம் என்று திட்டம் தந்தார். ஒரு ராக்கெட்டை வீழ்த்துவதற்குச் சுடவேண்டிய ஏராளமான குண்டுகளில் வெடிக்காதவை நகரின் மீதே விழும் என்ற கணக்கைக் காட்டி அரசு அதை மறுத்தது. அவர் மீண்டும் கேட்டார். முடிவு கிடைப்பதற்கு முன்பே ஹாலந்திலிருந்த ஏவுதளங்கள் ஓய்ந்துவிட்டன.